மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்றி வைப்பது எப்படி

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், பர்லியார் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். டீ வாசனைக்கும் பலாப்பழ வாசனைக்கும் நடுவே ஒரு காந்தல் வாடை வந்துகொண்டே இருக்கும். வந்து நிற்கிற கார்களின் முன் சக்கரத்திலிருந்து வருகிற வாடை அது, பிரேக் பேட் சூடேறிக் கருகுகிற வாடை. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் அதை வேறு யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பழம் வாங்கப் போய்விடுவார்கள்.

என் வண்டியும் ஒரு தடவை அப்படித்தான் அங்கே வந்து நின்றது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் பை நிறைய கேரட்டும் வர்க்கியும். கடைசி இரண்டு வளைவுகளில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது, மூன்றாவதில் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருந்தது, எப்படியோ கடை ஓரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். பக்கத்தில் காய்கறி லோடு லாரியோடு நின்றிருந்த ஒரு டிரைவர் வாடையை வைத்தே கண்டுபிடித்து வந்துவிட்டார். "தம்பி, ஏறும்போது எந்த கியர்ல ஏறுனீங்க?" என்றார். "ரெண்டுலதாங்கண்ணா, சில இடத்துல ஒண்ணு." "இறங்கும்போது?" நான் நான்கில் வந்திருந்தேன், அதிலும் பாதி நேரம் கிளட்சை மிதித்தபடி. "ஏறுன கியர்லயே இறங்கோணுங்க. பிரேக்கு வண்டிய நிறுத்தறதுக்கு, புடிச்சுட்டே வர்றதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் வண்டியை எடுக்கவே கூடாது என்று சாவியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, டிரைவிங் ஸ்கூலில் மலை கிடையாது.

முதலில் அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். ஆட்களோடும் சாமானோடும் 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 1,500 மீட்டர் சொச்சத்தையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், நேரான ரோட்டில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக நிறுத்துவதை ஏறக்குறைய 38 தடவை செய்தால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு சூடு அந்த நான்கு சக்கரங்களுக்குள் போகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றரையைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் உருளுகிற டயரும் அதில் ஒரு பங்கைப் போட்டுக்கொள்ளும்தான், ஆனால் பெரும்பகுதி மீதியாகத்தான் நிற்கும். மீதி எங்கேயாவது போயாக வேண்டும். அது எஞ்சினுக்குப் போவதா பிரேக்குக்குப் போவதா என்பதை உங்கள் கையில் இருக்கிற கியர்தான் முடிவு செய்கிறது.

அதே மலையில் பக்கத்திலேயே ஓடுகிற நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 12 அடிக்கு 1 அடி என்கிற சரிவு, அதற்காக நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன். 1899-ல் குன்னூர் வரை ரயில் வந்த காலத்திலேயே, ஏறுவதைப் போலவே இறங்குவதற்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். நாம்தான் அதே மலையில் காரை நியூட்ரலில் விட்டுவிட்டு பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறோம்.

அந்தப் பெட்ரோல் கணக்கும் தப்பு. இப்போது வருகிற எல்லா இன்ஜெக்ஷன் வண்டியிலும், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டால் எஞ்சினைச் சக்கரமே சுழற்றுகிறது, அதனால் எரிபொருள் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் தேவைப்படும். ஆக, இரண்டாவது கியரில் இறங்குவது நியூட்ரலைவிடச் சிக்கனம். எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு இறங்குவதைப் பற்றிப் பேசவே எனக்குப் பயம். கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருகிற பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது, அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும், சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

சரி, எப்படி இறங்குவது?

சரிவு தொடங்குவதற்கு முன்பே, வண்டி இன்னும் சமமான இடத்தில் இருக்கும்போதே, கியரைக் குறைத்துவிடுங்கள். இது முக்கியம். வேகம் ஏறிய பிறகு பாதி இறக்கத்தில் நான்கிலிருந்து இரண்டுக்கு மாற்றப் போனால், கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியில் வண்டி இன்னும் வேகம் எடுக்கும், கியர் விழாமல் முனகினால் கை நடுங்கும், அந்தப் பதற்றத்தில்தான் தப்பு நடக்கிறது. சாதாரண பெட்ரோல் ஹாட்ச்பேக் ஒன்றுக்கு மலைப்பாதையின் பெரும்பகுதிக்கு இரண்டாவது கியர் போதும், ரொம்பச் செங்குத்தான இடங்களிலும் இறுக்கமான கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியர். எஞ்சின் 3,000, 4,000 ஆர்பிஎம்மில் இரைச்சல் போடும், போடட்டும். அது வண்டிக்குக் கெடுதல் இல்லை, முள் சிவப்புக் கோட்டுக்குப் போகாதவரை. அந்த இரைச்சலைக் கேட்டு "பாவம் எஞ்சின்" என்று கியரை ஏற்றிவிடுகிற நல்ல மனசுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சினுக்கு ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கின்றன, சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டது அது. பிரேக்குக்குக் காற்றை விட்டால் யாரும் இல்லை.

இரண்டாவது கியரிலும் வண்டி மெல்ல வேகம் பிடிக்கும். அப்போதுதான் பிரேக். லேசாகக் காலை வைத்தபடியே வருவது கூடாது, அதுதான் என் வண்டியைப் பர்லியாரில் உட்கார வைத்தது. வேகம் 35-க்கு வரும்வரை விடுங்கள், பிறகு கொஞ்சம் அழுத்தமாக மிதித்து 25-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு காலைப் பெடலிலிருந்து முழுசாக எடுத்துவிடுங்கள். மறுபடி 35 வரும்வரை பிரேக் பக்கம் போகாதீர்கள். பேடும், அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தட்டும் ஒன்றை ஒன்று தொடாத அந்தச் சில விநாடிகளில்தான் காற்று உள்ளே போய் ஆறவைக்கிறது. காலைப் பெடல்மேல் சும்மா வைத்திருக்கிற பழக்கம் உள்ளவர்கள், பக்கத்தில் இருப்பவரை ஒன்று செய்யச் சொல்லுங்கள்: பின்னால் சுவரிலோ பாறையிலோ பிரேக் லைட்டின் சிவப்பு விழுகிறதா என்று சாயங்கால நேரத்தில் பார்த்துச் சொல்லட்டும். தொடர்ந்து சிவப்பாக இருந்தால் உங்கள் கால் பொய் சொல்கிறது.

வளைவுக்கு வருவோம். வேகம் குறைப்பது, கியர் குறைப்பது எல்லாம் நேரான துண்டிலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது டயரின் பிடிமானத்தில் ஒரு பங்கு திருப்பத்துக்கே செலவாகிக்கொண்டிருக்கிறது, அதே நேரத்தில் பிரேக்கையும் அழுத்தினால் இரண்டுக்கும் சேர்த்து மிச்சம் இருக்காது. இறக்கத்தில் எடை முழுக்க முன் சக்கரத்தின் மேல் சாய்ந்திருக்கும், பின்பக்கம் லேசாகிவிடும், அதனால் வளைவின் நடுவில் பதறி மிதித்தால் பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். கிளட்சும் அப்படித்தான். வளைவில் கிளட்சை மிதித்தபடி உருளுவது நியூட்ரலுக்குச் சமம், அந்த நிமிடம் எஞ்சின் பிடி போய்விடுகிறது. வண்டி அணையப் போகிற நிலை வந்தால் மட்டும் கிளட்ச்.

கொண்டை ஊசி வளைவின் உள் ஓரம்தான் ரொம்பச் செங்குத்து, அதனால் அதை ஒட்டி வெட்டித் திரும்பாதீர்கள். கீழிருந்து பஸ் வருகிறதென்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு முழு ரோடும் தேவை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நல்ல பழக்கம் மட்டுமில்லை, 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே குறுகலான மலைப்பாதைக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஏற்றத்தில் நின்றுபோன லோடு வண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கியர்லெஸ் வண்டிக்காரர்களுக்கு

ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலேயே விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். டி-யில் வண்டி பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பெரிய கியருக்குத் தாவப் பார்க்கும். உங்கள் லீவரில் எல், 2, எஸ் அல்லது எம் என்று ஏதாவது ஒன்று இருக்கும், ஏஎம்டி வண்டியில், அதாவது சாதாரண கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்கிற வண்டியில், எம்-க்குத் தள்ளி மைனஸ் பக்கம் தட்டி இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். மலைக்குப் போவதற்கு முன்னால் ஊரிலேயே ஒரு பாலத்து இறக்கத்தில் இதைப் பழகிவிட்டுப் போங்கள்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இறக்கம் ஒரு வரம், மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரியை நிரப்பும். ஆனால் ஒன்று. மலை உச்சியில் ரிசார்ட்டில் ராத்திரி முழுக்க 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேராக இறங்கினால், நிரப்ப இடமில்லாததால் அந்தப் பிடி குறைந்துவிடும், பல வண்டிகளில் ஏறக்குறைய இல்லாமலே போகும், வேலை முழுக்க சாதாரண பிரேக்கின் தலையில் விழும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள், எப்படியும் இறங்கும்போது ஏறும்.

ஸ்கூட்டரில் மலையிறங்குபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் வாடகைக்குக் கிடைக்கிற வண்டிகளில் நிறைய ஸ்கூட்டர்தான். ஸ்கூட்டரில் கிளட்ச் தானாக வேலை செய்கிறது: வேகம் நன்றாகக் குறைந்துவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போய், வண்டி சைக்கிள் மாதிரி சும்மா உருளும். அப்போது உங்களிடம் இருப்பது இரண்டு பிரேக் மட்டும், அதுவும் பல வண்டிகளில் சின்ன டிரம். ரொம்ப மெதுவாகப் போகிறோம் என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் இழுத்துப் பிடித்தபடி இறங்குகிறவர் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கிறார். த்ராட்டிலை ஒரு சிட்டிகை கொடுத்து விட்டால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும், எஞ்சின் லேசாக இழுப்பது கைக்கே தெரியும், அந்தப் பிடி இருக்கிற வேகத்திலேயே விட்டு விட்டு பிரேக் போட்டு இறங்குங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவையுங்கள். பைக்கில் கியர் இருக்கிறது, அதே இரண்டாவது கியர்தான். முன் பிரேக்கைப் பயந்து ஒதுக்காதீர்கள், இறக்கத்தில் எடை முழுக்க முன்னால்தான் இருக்கிறது, பின் பிரேக் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நேராக இருக்கும்போது முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்குங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு

2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கிற புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் அப்படியே. நல்ல விஷயம். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதனால் மிதித்தபடியே உங்களால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிகிறது. காலுக்கடியில் தடதடவென்று அதிரும், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். பல பைக்குகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் பூட்டும். ஈஎஸ்சி என்பது இன்னும் ஒரு படி மேலே, வண்டி நீங்கள் திருப்பிய பக்கம் போகாமல் வேறு பக்கம் சறுக்குவதை உணர்ந்து ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேர் செய்கிறது. 1995-ல் மெர்சிடிஸ் காரில் வந்த ஏற்பாடு இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது. டேஷ்போர்டில் சறுக்குகிற கார் படம் மினுக்கினால், இப்போதுதான் உங்களைக் காப்பாற்றினேன் என்று அது சொல்கிறது, உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த எதுவுமே டயருக்குப் புதுப் பிடிமானத்தைத் தராது, இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். சூடேறிய பேடுக்கும் கொதித்த பிரேக் ஆயிலுக்கும் கம்ப்யூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் பட்டன் சில எஸ்யூவிகளில் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கலாம் என்று ஒரு நண்பர் நினைத்திருந்தார். அது பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது, நீங்கள் மிதிப்பதற்குப் பதிலாக அது மிதிக்கிறது. மண் பாதையில் நடை வேகத்தில் ஒரு சின்னச் செங்குத்தை இறங்கத்தான் அது. ஹில் ஹோல்ட் வேறு, ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இரண்டு மூன்று விநாடி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடிக்கும். அது இல்லாத வண்டியில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்புவது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது.

மழை பெய்தால் கணக்கு மாறும். ஈரமான தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சமவெளியில் சுமார் 16 மீட்டரில் நிற்கிற வண்டி, நூறு அடிக்குப் பத்தடி இறங்குகிற சரிவில் 21 மீட்டர் எடுக்கும். நீங்கள் யோசித்துக் காலை வைப்பதற்குள் ஓடுகிற தூரம் தனி. ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி ரோடுகளில் யூகலிப்டஸ் இலையும் சரிந்த செம்மண்ணும் சேர்ந்து குழம்பு மாதிரி கிடக்கும், அதன்மேல் போகும்போது பிரேக்கோ ஸ்டியரிங்கோ எதையும் வெடுக்கென்று செய்யாதீர்கள், கியரை வெடுக்கென்று குறைப்பதும் சறுக்கும்.

கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் பேட் தடிமனைப் பார்க்கச் சொல்வீர்கள், சரி, கூடவே பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, குமிழியை மிதித்தால் அது சுருங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பஞ்சு மாதிரி பெடல் என்று சொன்னேனே, அதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் அது வேறு, பேட் சூட்டில் பிடி இழந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நிறுத்தி ஆறவைப்பது. தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும்.

அதையும் மீறி பிரேக் போய்விட்டால், எஞ்சினை அணைக்காதீர்கள், நியூட்ரலுக்குப் போகாதீர்கள். பெடலை வேகவேகமாகப் பம்ப் செய்யுங்கள், குமிழி இருந்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பட்டனை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். ஹேண்ட்பிரேக் பட்டனாக இருக்கிற வண்டிகளில் அதை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் வண்டி தானே அளவாகப் பிடித்து நிறுத்தும். ஹாரனை விடாமல் அடியுங்கள், லைட்டைப் போடுங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் மலைப் பக்கம், மண் மேடோ ஓரச் சாக்கடையோ பார்த்து உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் மட்டும் வேண்டாம். பெயின்டைப் பற்றி அப்போது யோசிக்காதீர்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கூடாது என்று போலீஸ் தடுப்பதற்குக் காரணம் அந்தப் பாதையில் நடந்த சாவுகள்தான். செக்போஸ்ட்டில் கெஞ்சிப் பார்க்காதீர்கள், கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

இடையில் வியூ பாயின்ட்டில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். பின் சக்கரத்தில் டிஸ்க் இருக்கிற வண்டிகளில், சூடாக இருக்கும்போது இறுக்கிய பிரேக் ஆறியதும் கொஞ்சம் தளர்ந்துவிடலாம், ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது வண்டி தானாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூக்கு இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்திருந்தால் முதல் கியர், முன் சக்கரத்தை ஓரத்து மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள், இறக்கத்துப் பக்கமாகச் சக்கரத்துக்கு ஒரு நல்ல கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே தள்ளிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். யாரோ வைத்துவிட்டு மறந்துபோன கல், ராத்திரி பனிமூட்டத்தில் பைக்கில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.